குறுக்குக் காற்றில் இரண்டு கோடை

அந்த சர்வர் பெட்டியைப் பழைய இரும்புக்காரன் தூக்கிக்கொண்டு போய் எட்டு வருடமாகிறது. ஆனாலும் பகல் இரண்டு மணியானால் என் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. எல்லாம் தேசங்காவால் வந்த வினை.

பிரோட் என்கிற எங்கள் ஊரில் நிலம் அளந்து வரைபடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. அப்பா தொடங்கியது, பிறகு என் தலையில் விழுந்தது. மொத்தமே இரண்டு பேர். நான் வெயிலில் அலைந்து அளந்து வருவேன், தேசங்கா உட்கார்ந்து வரைவாள். முதலில் மையும் பேனாவும், அப்புறம் கணினி. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அவள் முதலில் செய்வது ஜன்னலைச் சாத்துவது. கைப்பையைக் கீழே வைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இருபத்தாறு வருடம் அதில் ஒரு நாள் மாற்றமில்லை.

ஒரு பக்கம் கதவும் எதிர்ப்பக்கம் ஜன்னலும் திறந்திருந்து நடுவில் காற்று ஓடினால் எங்கள் ஊரில் ஆள் காலி. கழுத்து பிடிக்கும், காது அடைக்கும், வாய் கோணும். படித்தவன் இதைக் கேட்டுச் சிரிப்பான். ஆனால் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் சிரிப்பான்.

அவள் கணவர் ராங்கோ முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். ஒரு மார்ச் மாதம் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. ரத்தக் கொதிப்பு என்றார் மருத்துவர். தேசங்கா கேட்டால்தானே!

"பஸ்ஸுல பக்கத்து ஜன்னலத் தொறந்து வெக்காதீங்கன்னு முப்பது வருஷமாத் தொண்டை கிழியக் கத்துனேன் மிலுதின். குறுக்குக் காத்துதான் ஆள அடிச்சிருச்சு" என்று என் மேஜையில் முகம் புதைத்து அழுதாள். உண்மையைச் சொன்னால், நானும் பாதி நம்பினேன்.

அவளுக்கு ஓய்வூதியம் வர இன்னும் மூன்று வருடம் பாக்கி. ராங்கோவைத் தனியே விட்டு வரவும் முடியாது. ஒரு வாரம் கழித்து ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்றாள்.

"வேற ஆளப் பாத்துக்கோப்பா."

"வேற ஆளா? மூணு வருஷம் இருக்கையில விட்டுட்டுப் போறேன்னு சொல்ல வெக்கமா இல்ல உனக்கு? அம்மா தாயே, வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்" என்று கத்திவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

தீஹோமிரைக் கூப்பிட்டேன். ஊரில் கணினி மக்கர் செய்தால் அவன்தான். நாற்பது வயது, வழுக்கை, எந்நேரமும் கையில் பூரெக் என்கிற பாலாடைக்கட்டி வைத்த அடுக்கு ரொட்டி. எல்லோருக்கும் அவன் மேஸ்திரி.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க முதலாளி? சர்வர் இங்கயே இருக்கட்டும். அந்தம்மா வீட்ல இருந்தபடியே உள்ள வந்து வரையட்டும்" என்றான்.

மூன்று நாள் வேலை. தேசங்கா வீட்டுக்கு இன்டர்நெட், அலுவலகத்துக்குப் புது ரூட்டர், அவள் கணினிக்கு மட்டும் திறக்கும் ஒரு பாதை, அதற்கு ஒரு பாஸ்வேர்டு. சர்வர் இருந்தது என் முதுகுக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில், பழைய வரைபடச் சுருள்களுக்கு நடுவே. தொலைபேசி வயர் வந்து சேர்வது அங்கேதான். போகும்போது மேஸ்திரி சொன்னான்: "இது மேக்கால பாத்த ரூம். மத்தியானம் பெட்டி சூடாச்சுன்னா தானா அணைஞ்சிரும். இந்தக் கட்டடத்து வயர் ஏசி தாங்காது. அதனால ஜன்னலும் கதவும் தொறந்தே இருக்கணும், சரியா?" சரி சரி என்று தலையாட்டினேன். காதில் வாங்கினேனா என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு போன் அடித்தது.

"மிலுதின், நான் உள்ள வந்துட்டேன்! என் வரைபடமெல்லாம் வெச்ச எடத்துலயே இருக்கு!"

"வா வா. வந்ததும் சாத்துறதுக்கு ஜன்னல் இல்லியே, என்ன பண்ணப் போற?" என்றேன். மார்ச்சுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துக் கேட்டேன்.

மே மாதம் பாதியில் பிடித்தது சனி. தினமும் இரண்டு மணிக்கு மேல் இணைப்பு அறுந்தது. சேமிக்காமல் வைத்திருந்த கோடெல்லாம் போயிற்று. நகராட்சி சாலையை அகலப்படுத்தும் வேலை அது, மாதக் கடைசியில் கொடுத்தாக வேண்டும். தேசங்காவின் குரல் நாளுக்கு நாள் இறங்கியது. "என்னால உன் பேரு கெட வேண்டாம். இந்த மாசம் பாப்போம். முடியலன்னா விட்டுர்றேன்" என்றாள். நான் மேஸ்திரியை ஏசித் தீர்த்தேன். அவன் ரூட்டரை மாற்றினான், வயரை மாற்றினான், பாஸ்வேர்டைக்கூட மாற்றினான். ஒன்றும் ஆகவில்லை.

கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து அந்தச் சின்ன அறையில் சுருள்களின் மேல் உட்கார்ந்துகொண்டான். நான் சாப்பிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தேன். சற்று நேரத்தில் பின்னால் கதவு படாரென்று திறந்தது. மேஸ்திரி வியர்த்து வழிந்து நிற்கிறான்.

"இப்ப என்ன பண்ணீங்க முதலாளி?"

"என்ன பண்ணேன்? சும்மா உக்காந்திருக்கேன்."

"உக்காருறதுக்கு முன்னாடி? என்னை உள்ள வெச்சுக் கதவச் சாத்துனது யாரு, உங்க தாத்தாவா?"

சத்தியமாக எனக்கு நினைவில்லை. பிடரியில் காற்றுப் பட்டதும் கை தானாகப் போய்ச் சாத்தியிருக்கிறது. தினமும், சாப்பிட்டு வந்ததும். மேஸ்திரி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெளிய மூச்சு விட்டே, தொலைச்சிருவேன். அதுவும் அவகிட்ட" என்றேன். தான் வேலை செய்வதற்காக ஒருவன் குறுக்குக் காற்றில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தால், ராங்கோவைப் படுக்கையில் பார்த்துக்கொண்டிருப்பவள் அன்றைக்கே விட்டுவிடுவாள்.

கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தேன். என் கையை நானே நம்பாமல், ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். பிறகு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு இடம் ஏது? வரைபடம் அச்சடிக்கும் இயந்திரம் மீதி அறையை அடைத்திருந்தது. ஜூலை வெயிலில் கம்பளி மஃப்ளர்! கஞ்சத்தனத்துக்கு எங்கள் ஊர் பேர்போனது. வருகிறவர்கள் எல்லாம், "பிரோட்காரன் வேர்வையக்கூட வெளிய விட மாட்டான்யா" என்று கிண்டலடித்தார்கள். மூன்று தடவை கழுத்து பிடித்தது. காலையில் கண்ணாடி முன் நின்று வாய் கோணியிருக்கிறதா என்று பார்ப்பேன். பயமாகத்தான் இருந்தது.

சாயங்காலங்களில் காகிதங்களை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவேன். ராங்கோவின் கட்டில் கணினிக்குப் பக்கத்தில். தேசங்கா தெருவை வரைந்துகொண்டே போவாள், அவர் கண் பின்னாலேயே போகும். பழைய பஸ் நிறுத்தம் வரும் இடத்தில் இடது கையால் கட்டில் சட்டத்தை இரண்டு தட்டுத் தட்டுவார். அவள் வரைவதை நிறுத்துவாள். "எல்லாரும் எறங்கியாச்சா? போலாமா?" என்பாள். ஒரு தட்டு. மறுபடி கோடு நகரும். எத்தனையோ பேர் எத்தனையோ வரைபடம் போட்டிருப்பார்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று போனவள் அவள் ஒருத்திதான். அந்தச் சாயங்காலங்கள் திரும்பி வருமா என்று இன்றும் மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

"கழுத்த ஏன் அப்பிடி வெச்சிருக்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தலகாணி சரியில்ல."

இரண்டாவது கோடையில், ஜூன் மாதம், ராங்கோ போய்விட்டார். நாற்பதாம் நாள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது சொன்னாள்: "அந்தப் பாதைய மூடிரச் சொல்லு மேஸ்திரிகிட்ட. இனி வீட்ல யாரு இருக்கா?"

அடுத்த திங்கட்கிழமை வருவாள் என்று நினைத்திருந்தேன். மறுநாள் காலையிலேயே கறுப்பு உடையில் வந்து நின்றாள். கை வழக்கம்போல ஜன்னலைத் தேடிப் போனது. அப்படியே நின்றுவிட்டாள். செங்கல்லைப் பார்த்தாள். மஃப்ளரைப் பார்த்தாள். பிறகு கதவில் ஒட்டியிருந்த தாளை வாய்விட்டுப் படித்தாள்.

"சாத்தாதே. தேசங்கா உள்ளே இருக்கிறாள்."

"எத்தன நாளா இது?"

"அது... இன்னைக்குத்தான், சும்மா..."

தாள் வெயிலில் பழுத்து மஞ்சளாகிச் சுருண்டிருந்தது. பொய் எடுபடுமா?

"அறிவிருக்காடா உனக்கு? அவர அடிச்சது பத்தாதுன்னு நீயும் போய் விழணுமா?" கத்தினாள், அழுதாள், செங்கல்லை உதைத்துத் தள்ளிக் கதவை அறைந்து சாத்தினாள்.

"சர்வர் அணைஞ்சிரும், தேசங்கா."

"அணையட்டும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு வரைய உட்கார்ந்தாள். இரண்டேகாலுக்கு சர்வர் அணைந்தது. காலையிலிருந்து வரைந்ததில் பாதிக்கு மேல் போயிற்று. மேஸ்திரியை யாரும் கூப்பிடவில்லை. தேசங்கா எழுந்து வந்தாள், என் கழுத்து மஃப்ளரை அவிழ்த்து மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள், காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.