மத்தியானம் குளித்த துரைசாணி

திருகோணமலை நகரசபைக்குத் தண்ணீர் மீற்றர் வாசித்த றஊப், மச்சான் பிடித்துவந்து கொடுத்த மீனையும் செவிளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். பிறந்தது கிண்ணியா, குடியிருந்தது பட்டினத்தில். "உங்களுக்கு என்னிலயும் சந்தேகம்தான்" என்று மனைவி றஹ்மா சொல்வார். அவர் மறுத்ததில்லை.

துறைமுகப் பக்கத்து வாசிப்பு புதிதாக அவர் கைக்கு வந்த 1963ஆம் ஆண்டு மாசி மாதம், மில்னர் பங்களாவின் மீற்றர் அவரைக் குழப்பியது. மில்னர் என்ற தேயிலைத்தோட்டத் துரை விடுமுறைக்கு வந்து தங்குவதற்காக, உட்துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் கட்டிய மாடிவீடு அது. துரை குடும்பத்தோடு சீமைக்குப் போய் ஆறு வருஷம். வாசலில் பூட்டு. மீற்றர் மட்டும் ஓடியிருந்தது.

"அது துரைசாணி" என்றார் காவல்காரர் சின்னராசா. "குளிக்கிற தொட்டியில மூழ்கிச் செத்தவ. மத்தியானத்தில இறங்கிக் குளிக்கிறா. சத்தம் எனக்கே கேக்கும், றஊப் நானா."

அந்தக் கதை ஊரிலும் பரவித்தான் இருந்தது. விறகு பொறுக்கப் போன பெண்கள் மேல்மாடி யன்னலில் ஈரத் தலையோடு ஒரு உருவத்தைக் கண்டிருந்தார்கள். புல்லு வெட்டுகிறவர்கள் பதினொரு மணிக்கே அரிவாளைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

றஊப் நம்பவில்லை. துரைசாணி தொப்பியைப் பிடித்துக்கொண்டு, கூலிக்காரரைத் திட்டியபடி கப்பல் ஏறியதை அவர் கண்ணால் பார்த்தவர். செத்த மனிசி எப்படிக் கப்பல் ஏறினாள்?

கேற்றடி வால்வை இறுக்கி மூடிவிட்டு வந்தார். அடுத்த மாதம் அது திறந்திருந்தது. ஸ்பானர் இல்லாமல் திறக்க ஏலாத வால்வு. பேய்க்கு ஸ்பானர் கொடுத்தது ஆர்? இவ்வளவு தண்ணீர் எதற்கு? யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்: உள்ளே கள்ளச்சாராயம், கசிப்பு வடிக்கிறான்கள்.

வாசிப்புக்குரிய நாளல்லாத ஒரு நாள் மத்தியானம், பின்வேலியால் நுழைந்தார். தண்ணீர் விழும் சத்தம் உண்மையாகவே கேட்டது. அவருடைய கால் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் கசிப்பு மணம் இல்லை. வேப்பிலை அவித்த மணம். குசினிப் பக்கக் கொடியில் ஒரு நூல்சேலையும், புண்ணுக்குக் கட்டும் துணித்துண்டுகளும் காய்ந்துகொண்டிருந்தன.

"ஆர் சொல்லி உள்ள வந்தனீங்கள்?" சின்னராசா மண்வெட்டியோடு குறுக்கே வந்தார்.

"உள்ள ஆர், அண்ணை?"

"சொன்னனே, துரைசாணி."

"துரைசாணி நூல்சேலையா கட்டுறவ?"

மண்வெட்டி உயர்ந்தது. அப்போது குசினிக் கதவைத் திறந்துகொண்டு முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள். தலை நனைந்திருந்தது.

"விடுங்கோ அண்ணை. எத்தினை நாளைக்கு?" என்றாள். பிறகு றஊப்பைப் பார்த்து, "நான்தான் துரைசாணி" என்றாள். சிரிக்கவில்லை.

அவள் சின்னராசாவின் தங்கை புஸ்பராணி. தம்பலகாமத்தில் கலியாணம் கட்டியிருந்தவள். கையில் வெளிறிய படை விழுந்து, அந்த இடம் மரத்துப்போனது. சுடுசட்டியில் விரல் வெந்தபோதும் அவளுக்குத் தெரியவில்லை. குட்டநோய் என்று புருஷன் வீடு ஒதுக்கியது. நோயாளரை ஒதுக்கிவைக்கும் மட்டக்களப்புப் பக்கத்துத் தீவு ஆஸ்பத்திரிக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, அண்ணன் இங்கே கொண்டுவந்து ஒளித்துவைத்தார். மூன்று வருஷமாயிற்று. ஆட்கள் நெருங்காமல் இருக்கப் பேய்க்கதை கட்டியவரும் அவர்தான்.

றஊப் வந்த வழியே திரும்பினார். புத்தகத்தில் 'குழாய்க் கசிவு' என்று எழுதினார்.

அதன் பிறகு சந்தேகம் அவர் மேலேயே திரும்பியது. கொடித்துணி தோளில் பட்டதா? கதவைத் தொட்டேனா? பிள்ளைகளைத் தூக்குவதை விட்டார். தனிப் பாயில் படுத்தார். தையல் ஊசியால் கையைக் குத்திக் குத்தி, வலிக்கிறதா என்று பார்த்தார். மூன்றாம் வாரம் றஹ்மா ஊசியைப் பறித்தபோது எல்லாவற்றையும் சொன்னார்.

"டொக்டரிட்டப் போய்க் கேளுங்க. ஊசியிட்டக் கேட்டு என்ன காணப்போறீங்க?" என்றார் றஹ்மா.

போனார். கிட்ட நின்றதால் தொற்றாது, இப்போது அதற்குக் குளிசை மருந்து இருக்கிறது, வீட்டிலிருந்தே குடிக்கலாம் என்றார் டொக்டர். அந்தச் செய்தியோடு பங்களாவுக்கு ஓடினார் றஊப். சின்னராசா கேற்றைத் திறக்கவில்லை.

"ஆளைக் காட்டினாப் பிறகு பொலிசோட வருவீங்கள். ஆர் உங்களை அனுப்பினது?"

சந்தேகப்படுகிற ஒருவரை எப்படி நம்பவைப்பது என்று றஊப்புக்குத் தெரியவில்லை. மறுநாள் றஹ்மாவைக் கூட்டிப்போனார். றஹ்மா கேற்றடியில் நின்று, "புஸ்பராணி, வெயிலுக்க நடந்து வந்தனான். குடிக்கத் தண்ணி தாங்க தங்கச்சி" என்று கூப்பிட்டார்.

புஸ்பராணி செம்போடு வந்தாள். கம்பிக்கு இடையால் வாங்கி றஹ்மா பாதியைக் குடித்தார். மிச்சத்தை றஊப் குடித்தார். கடைசி மிடறு இறங்கமாட்டேன் என்று நின்றதாகப் பிறகு ஒத்துக்கொண்டார். சின்னராசா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தார்.

பெண்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். ஒருவரும் பிடித்துவைக்கவில்லை. வருஷக்கணக்காகக் குளிசை குடித்ததில் படை மங்கியது. இரண்டு விரல் மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டது. புருஷன் வீடு அவளைத் திரும்ப ஏற்கவில்லை. கப்பல்துறைக் கிராமத்தில் ஒரு சின்ன வீட்டில் ஆடு வளர்த்துச் சீவித்தாள்.

எழுபத்தொன்றில் பங்களா ஒரு அலுவலகமாயிற்று. சின்னராசா அங்கேயும் காவல். புதிதாக வந்த கிளார்க்குகளுக்கும் துரைசாணி கதையைச் சொன்னார்.

"இனி ஆருக்காக அண்ணை இந்தக் கதை?" என்று கேட்டார் றஊப்.

"மூண்டு வருஷம் தங்கச்சி எங்க இருந்தவள் எண்டு ஆரும் கேக்கக்கூடாது. இங்க பேய் இருந்தது எண்டே இருக்கட்டும்." சொல்லிவிட்டு றஊப்பின் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே?"

சாகும் வரை அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. றஊப்புக்கும் அதில் கோபம் வந்ததில்லை.

புஸ்பராணி பட்டினத்துக்கு வந்தால் றஹ்மாவின் குசினியில்தான் சாப்பாடு. இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கினால், றஊப்பை வெளியே கதிரையில் போய் இருக்கச் சொல்லிவிடுவார்கள்.