கோழிப் பண்ணை ரூட்டில் பால் குடிக்காதவள்

1. ரத்தம்

செத்த கோழியின் வயிற்றைத் திறந்து ஈரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வாளியோடு நின்ற ராசம்மா, "மேடம், அந்த ரத்தம் கோழிதில்லீங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். இடது கையுறை கிழிந்திருந்தது. ஆள்காட்டி விரலில் கத்தி நன்றாகவே இறங்கியிருந்தது.

"எரியலீங்களா?"

"இல்லையே."

அவர் என் முகத்தையே பார்த்தார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. சில மாதங்களாகவே காலிலிருந்து செருப்பு கழன்று போவது தெரியாமல் நடந்துகொண்டிருந்தேன். நாளெல்லாம் வண்டி ஓட்டினால் மரத்துப்போகத்தான் செய்யும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன்.

நான் ஒரு தீவனக் கம்பெனியில் பீல்டு டெக்னீஷியன். சேலத்தில் குடியிருந்து, நாமக்கல், புதுச்சத்திரம், மோகனூர் பக்கத்து முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு ஸ்கூட்டரில் போய் வருவேன். கோழி செத்தால் அறுத்துப் பார்ப்பது, சாம்பிள் எடுப்பது, தீவனத்தில் என்ன மாற்றலாம் என்று சொல்வது, இதுதான் வேலை. ராசம்மாவும் அவர் வீட்டுக்காரரும் புதுச்சத்திரம் பண்ணையிலேயே வேலையாட்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் தங்கி, முட்டை பொறுக்கி, எரு அள்ளி வந்தார்கள்.

2. சோற்றுப் பிரச்சினை

முட்டை குறைந்த கோழிகளைக் கறிக்கு லோடு ஏற்றுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு நாள், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிய கோழி ஒன்று, கூண்டுக்குள் திணிக்கும்போதே முட்டை இட்டது. அது தரையில் விழுந்து உடைந்தது. யாரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு முட்டையும் கறியும் இறங்கவில்லை. பிறகு ஒரு பண்ணையில், கன்றை விற்றுவிட்ட மாடு நான் இருந்த நேரம் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தது. பாலும் போயிற்று. பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகள்தான், "அதுக்குப் பேரு வீகன், அத்தை" என்று போனில் சொன்னாள்.

பெயர் தெரிந்து என்ன செய்ய? வீட்டில் சமாளித்தேன். ரூட்டில்தான் திண்டாட்டம். பொங்கலில் நெய், குருமாவில் தயிர், பரோட்டா மாவில் முட்டை. மெஸ்ஸில் வேண்டாம் என்று சொல்வதற்குள் சோற்றின் மேல் ஆம்லெட் வந்து உட்காரும். காலையில் இட்லி, மத்தியானம் எலுமிச்சை சாதம், சாயங்காலம் கடுங்காப்பியும் முறுக்கும் என்று ஓட்டினேன். வயிறு நிறைந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மேனேஜருக்கு விஷயம் தெரிந்தபோது என்னைக் கூப்பிட்டார். "பாருங்கம்மா, நம்ம எல்லாருக்கும் சோறு போடறது கோழிதான். நீங்க முட்டை சாப்புடறதில்லைன்னு ஒரு பண்ணைக்காரருக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாரு? ஊட்ல எப்படி வேணா இருங்க. கஸ்டமர் கிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

வேலை முக்கியம். நான் சொல்லவில்லை. யார் என்ன நீட்டினாலும் "இப்பத்தான் சாப்பிட்டேன்", "வயிறு சரியில்லை" என்று கையைக் காட்டிவிடுவேன்.

3. ராசம்மா கேட்டது

விரலைக் குழாயில் கழுவி, ராசம்மா துணி சுற்றிக் கட்டினார். தலை சுற்றியது. லைன் வீட்டு வாசல் நிழலில் உட்கார்ந்து, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க ராசம்மா" என்றேன்.

அவர் உள்ளே போகவில்லை. நின்றார்.

"எங்கூட்டுத் தண்ணி குடிப்பீங்களா மேடம்?"

முதலில் எனக்குப் புரியவில்லை. அவரே தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நாங்க இங்க வந்த புதுசுல டீ வச்சுக் குடுத்தேன், வேண்டாம்னீங்க. மோரு குடுத்தேன், வேண்டாம்னீங்க. பொங்கலன்னிக்கும் வேண்டாம்னீங்க. செரி, நம்மூட்ல கைநனைக்க மாட்டாங்களாட்டம் இருக்குதுன்னு உட்டுட்டேனுங்க. எல்லாரும் அப்படித்தானுங்களே."

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் தண்ணீர் வேண்டாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் வாயிலிருந்து வந்த சொல்லுக்கும் அந்த அர்த்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்டுப்பட்ட விரல் வலிக்கவில்லை. இது வலித்தது.

மேனேஜர் சொன்னதையெல்லாம் விட்டுவிட்டேன். "பால் நான் எங்கேயும் குடிக்கறதில்லைங்க. எங்க வீட்டுலயே குடிக்கறதில்லை. முட்டை, தயிர், நெய் எதுவும் தொடறதில்லை. வெளியே சொன்னா வேலைக்குச் சங்கடம். அதான் சொல்லலை."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார் ராசம்மா. கோபமாகச் சொல்லவில்லை, சோர்ந்துபோய்ச் சொன்னார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "அப்ப என்னதான் திம்பீங்க?" என்றார்.

நான் தின்பதைச் சொன்னேன்.

"முறுக்கத் தின்னுட்டு வண்டி ஓட்டுனா ஒடம்பு என்னத்துக்கு ஆவும்?" என்று உள்ளே போனார். ராகிக் களியும் கொள்ளுப் பருப்பும் வந்தன. நிலக்கடலையைப் பொடித்துப் போட்ட முருங்கைக்கீரையும் வந்தது. ரூட்டில் நான் தட்டு நிறையச் சாப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

4. ஊசி

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மா என் பாதத்தை ஊசி முனையால் தொட்டுக்கொண்டே வந்தார். எங்கே தொடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

"களி, கீரை, பயறு எல்லாம் நல்ல சாப்பாடு. ஆனா நரம்புக்கு வேணுங்கற பி-ட்வெல்வ் வைட்டமின் அதுல கிடையாது. பால், முட்டை, கறி மூணையும் விட்டா மாத்திரை எடுத்தே ஆகணும். யாரும் சொல்லலையா?"

"யார்கிட்டயும் நான் கேட்கலைங்க."

ஊசி போட்டார்கள். பிறகு மாத்திரை. கால் பெரும்பாலும் சரியானது. விரல்களில் போன உணர்ச்சி பாதிதான் திரும்பியது. அறுவைக் கத்தியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, சாம்பிள் சேகரிப்புக்கு மட்டும் அனுப்பினார்கள். நான் நன்றாகச் செய்த ஒரே வேலை அந்த அறுவைதான்.

புதுச்சத்திரம் போகும் நாட்களில் முதல் நாளே போன் போடுவேன். "வாங்க மேடம், தட்டப்பயறு ஊறப்போடறேன்" என்பார் ராசம்மா. வாசலில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவோம். பண்ணைக்காரர் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போனார். மற்ற ஊர்களிலும் வாய் திறந்தேன். நாமக்கல் மெஸ்காரர், "இதுக்கென்னங்க, முன்னாடியே சொன்னா நெய் ஊத்தாம எடுத்து வச்சர்றேன்" என்றார். அவ்வளவு சுலபமாக இருந்தது.

5. காலியான ஷெட்

அடுத்த கோடையில் புதுச்சத்திரம் பண்ணைக் கோழிகளுக்கு மூச்சு நோய் வந்தது. சாம்பிள் எடுத்துப் போனவள் நான். ரிசல்ட்டைப் பண்ணைக்காரரிடம் சொன்னதும் நான். ஏற்கெனவே நொடித்துப்போயிருந்தவர், மிஞ்சிய கோழிகளையும் ஒழித்துவிட்டு ஷெட்டை மூடினார். வேலையாட்களைக் கிளம்பச் சொல்லிவிட்டார்.

நான் போனபோது சாமான்கள் டெம்போவில் ஏறியிருந்தன. பவானி பக்கம் செங்கல் சூளைக்குப் போகிறார்கள் என்றார்கள். அடுப்பைப் பிரித்துவிட்டதால் அன்று சாப்பாடு இல்லை. ராசம்மா மடியிலிருந்து ஒரு பிடி வறுத்த கடலையை எடுத்து என் கையில் கொட்டினார்.

"உங்களால இல்லீங்க மேடம். நீங்க சொல்லாட்டியும் கோழி சாவத்தான் போவுது."

டெம்போ போன பிறகும் அங்கேயே நின்றேன். ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை. அந்த வேலையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை.

கொஞ்ச நாள் போனில் பேசினோம். பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. பவானி போய் இரண்டு சூளைகளில் விசாரித்தேன். கிடைக்கவில்லை.

இப்போது கம்பெனியில் புதிதாகச் சேர்ந்து ரூட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எதைச் சாப்பிட வேண்டும், எதை விட வேண்டும் என்பது உங்கள் விருப்பம். விட்டதற்கு ஈடு என்ன என்று ஒரு டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஆனால் ஒரு வீட்டு வாசலில் நின்று வெறும் "வேண்டாம்" சொல்லிவிட்டு வராதீர்கள். ஏன் என்று சொல்லுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் தண்ணீராவது வாங்கிக் குடியுங்கள்.