காதர் பாய் இறைத்த சாமை

போன செவ்வாய்க்கிழமை வாணியம்பாடியிலிருந்து ஒரு கார்டு வந்தது. "அத்தா மவுத்தாயிட்டாங்க. உங்களுக்கு எழுதச் சொல்லியிருந்தாங்க" என்று காதர் பாயின் மகள் அவர் இறந்த செய்தியை எழுதியிருந்தாள். ஜவ்வாது மலைக் கோழிப் பண்ணையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய சிரிப்பு நினைவிருக்கும். அவர் ஏன் பாதியில் மலையிறங்கினார் என்பது தெரிந்திருக்காது. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

எட்டு வருஷத்துக்கு முந்தைய ரமலான் மாதம். அவர் தற்காலிக ஊழியர். நான் புதிதாக வந்த கால்நடை மருத்துவன், முன்கோபி. பட்டினி கிடக்கும் கோழியின் ஈரல் கொழுப்பு உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறதா, மறுபடி தீனி வைத்தால் என்ன செய்கிறது என்று பார்த்து நான் அறிக்கை அனுப்ப வேண்டும். அது சரியாக அமைந்தால் என் வேலை நிரந்தரமாகும். மூன்று கூண்டுகள் வைத்தோம். முதல் கூண்டுக்கு எப்போதும் தீனி. இரண்டாவதற்கு இரண்டு நாள் வெறும் தண்ணீர். மூன்றாவதற்கு அதே பட்டினிக்குப் பிறகு ஒரு நாள் வயிறு நிறையத் தீனி.

அறுத்துப் பார்த்தால் மூன்று கூண்டு ஈரலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன. பட்டினியால் மாற்றம் ஒன்றுமில்லை என்று எழுதி, உறைக்குக் கோந்து தடவிக்கொண்டிருந்தேன். காதர் பாய் வாசலில் வந்து நின்றார்.

"அத ஒட்டாதீங்க சார். பட்டினி போட்டதுங்களுக்கு ரெண்டு நாளும் சாயங்காலம் கோழிக்கு ஒரு புடி சாமை எறச்சிட்டேன்."

"இன்னா பாய்! என் வேலைக்கே உலை வச்சிட்டீங்களே!"

"நா நோம்பு தொறக்கறேன், அதுங்க என் வாயயே பாத்துக்குனு இருக்குதுங்க. எனக்கு மட்டும் எப்டி சார் எறங்கும்?"

கோபம் தணிந்ததும், கதவு திறந்து கிடந்ததால் கோழிகள் வெளியே போய் மேய்ந்துவிட்டன என்று எழுதிவிடலாமா என்றேன். அவர் ஒப்பவில்லை. "தப்பு என்னுது. பாவம், கதவு மேல போடாதீங்க. என் பேர எழுதுங்க" என்றார். நான் மறுத்திருக்கலாம். என் வேலைக்குப் பயந்து, எழுதினேன்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்த முறை பொழுது சாயும் நேரத்தில் அவரே கொட்டகைச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்ககிட்டயே இருக்கட்டும். அந்த நேரத்துல என்ன நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டு, புளியமரத்துக்கு அப்பால் போய் நோன்பு திறந்தார். மூன்றாவது கூண்டுக்குத் தீனி வைக்க வேண்டிய மாலை மட்டும் கொட்டகையிலேயே இருந்தார். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மொதல்ல அதுங்க திங்கட்டும்" என்றார்.

பட்டினிக் கோழிகளின் ஈரல் சுருங்கிக் கருஞ்சிவப்பாக இருந்தது. பட்டினிக்குப் பின் தின்றவற்றின் ஈரலோ எப்போதும் தின்றவற்றினதைவிடப் பெருத்து, மஞ்சள் பூத்திருந்தது. "காஞ்ச வயிறு சார். நாளிக்கி கெடைக்குமோ கெடைக்காதோன்னு சேத்து வச்சிக்குது" என்றார். இதைச் சொல்ல எனக்கு நாலு பக்கம் தேவைப்பட்டது.

என் வேலை நிரந்தரமானது. அதே தபாலில் அவரை நிறுத்தும் உத்தரவும் வந்தது. துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, கூண்டுகளை ஒரு தரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். பிறகு கடைசிவரை ஊரில் தோல் பதனிடும் ஷாப்பில்தான் வேலை. என்மேல் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஒரு ரமலானில் அவர் வீட்டுக்குப் போனேன். நோன்புக் கஞ்சியை முதலில் எனக்கு வைத்தார். "சாப்புடுங்க சார். நீங்க பாத்துக்குனு இருந்தா எனக்கு எறங்காது" என்று சிரித்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கிண்ணத்தை மறுபடி நிரப்பிவிட்டார்.

கார்டு வந்த அன்று மாலை எனக்குச் சோறு இறங்கவில்லை. கொல்லைக்குப் போய்க் கோழிகளுக்குச் சாமை இறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவருடைய நேர்மை எனக்கு வரவில்லை. எதிரில் ஓர் உயிர் பசித்திருக்க விழுங்க முடியாத இந்தத் தொண்டை மட்டும் அவரிடமிருந்து வந்தது.

அந்தப் பழியைக் கதவின் மேலேயே போட்டிருக்கலாம், பாய். கதவுக்குப் பிள்ளைகுட்டி இல்லையே.