சிகாகோவுக்கு ஒரு நீண்ட மத்தியானம்

போன ஞாயிறு சாயங்காலம். மாமல்லபுரம் கடற்கரை மணலில் நானும் எட்வினும் உட்கார்ந்திருந்தோம். கடலுக்கு மேலே ஒரு விமானம்... சத்தமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

எட்வின் என் ஆபீஸ் நண்பர். வேடந்தாங்கல் பக்கத்துக் கருங்குழிக்காரர். ஒரே மகள் ஸ்டெல்லா, நாவலூரில் சாஃப்ட்வேர் வேலை பார்த்தாள். கம்பெனி சிகாகோவுக்கு அனுப்பியது. போன இடத்தில், வீட்டில் கேட்காமலே கூட வேலை செய்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றோடு மகளிடம் பேச்சை நிறுத்தினார் எட்வின். பிரசவத்துக்குக்கூட மனைவி ரெஜினாதான் தனியாகப் போனார்.

பேரன் பிறந்து சில மாதங்களில் ரெஜினாவிடமிருந்து போன் — தனியாகத் திரும்பிவரப் பயமாக இருக்கிறதாம், வந்து அழைத்துப் போக வேண்டுமாம். நிஜமான பயமா? கர்த்தருக்கே வெளிச்சம்.

கிளம்புவதற்கு முன் எட்வின் என் மேஜைக்கு வந்தார். "அண்ணாத்த, எவ்ளோ தூரம் கீதுன்னு நெட்ல பாரு."

பார்த்தேன். பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறி, போய்ச் சேர ஏறக்குறைய ஒரு நாள். நல்லதாப் போச்சு என்றார். மகளை என்னென்ன கேட்க வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாக யோசித்து வைக்க நேரம் வேண்டுமே!

ஃபிராங்க்ஃபர்ட்டில் நடுப்பகலில் கிளம்பியதாம் விமானம். சாப்பிட்டார், தூங்கினார், விழித்தார் — ஜன்னலில் அதே வெயில். மறுபடி தூங்கி விழித்தார். அப்போதும் மத்தியானம்தான். சூரியனும் கூடவே மேற்கே வந்துகொண்டிருந்தது. கீழே பனி... கரையே இல்லாத வெள்ளை. வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளும் இப்படித்தான் எதையெதையோ தாண்டி வருமோ என்று தோன்றியதாம்.

அந்த வெளிச்சத்தில் கேள்விகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கோபத்தை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். வரவில்லை. இதே ஜன்னல் ஓரத்தில், முன்பின் தெரியாத யார் பக்கத்திலோ உட்கார்ந்து, இவ்வளவு தூரமும் தன் மகள் ஒண்டியாகத்தானே வந்திருப்பாள் என்ற நினைப்பு மட்டும் நின்றது.

சிகாகோவில் வெளியே வந்தால், தோளில் குழந்தையோடு ஸ்டெல்லா. பக்கத்தில் ரெஜினா. ஒரு எட்டு பின்னால், என்ன நடக்குமோ என்ற முகத்தோடு மாப்பிள்ளை.

 எட்வின் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"இன்னாம்மா... இவ்ளோ தூரத்துலயா கீற?"

ஸ்டெல்லா குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு அழுதாளாம். குழந்தை தாத்தாவின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டது. மாப்பிள்ளை வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். பத்து நாள் லீவில் போனவர், லீவை நீட்டிக்கச் சொல்லி ஆபீசுக்கு மெயில் அனுப்பியது எனக்குத் தெரியும். காரணம் இப்போதுதான் தெரிந்தது.

சொல்லி முடித்தபோது விமானம் எங்கோ மறைந்துவிட்டிருந்தது.

நான் வேறு சிலரை நினைத்துக்கொண்டேன். அடுத்த தெருவில் இருக்கும் தம்பியோடு வருஷக் கணக்காகப் பேசாதவர்கள் எத்தனை பேர் நம் ஊர்களில்! அவர்களையும் குறை சொல்ல முடியாது — அந்த ஒரு தெருத் தூரத்துக்குள் கோபம் ஆற நேரம் ஏது?