என் விரல் குளிர்ந்ததற்கு டாக்டர் வாங்கிய ஏச்சு

சென்ற மழைக்காலத்தில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்திருந்தார்கள். நினைவு முழுக்க இருந்தது. பேசுவதெல்லாம் கேட்டது, விரலில் மாட்டிய கிளிப் காட்டும் ஆக்சிஜன் அளவு பக்கத்து மானிட்டரில் தெரிந்தது.

கல்ஃபில் ஏசி மெக்கானிக்காகக் காலம் தள்ளியவன் நான். பயத்தில் வியர்த்ததும், "இந்த ஏசி போராது, கூலிங்கக் கூட்டி வையுங்க" என்று நர்ஸிடம் அதிகாரம் பண்ணினேன். பாவம், கூட்டி வைத்தார். மயக்க மருந்து டாக்டர் என் மகள் வயதுப் பெண். "கை தணுத்தா மெஷின் தப்பாக் காட்டும் அங்கிள், போர்வைக்குள்ள வையுங்க" என்றார். குளிரைப் பற்றி எனக்கே பாடமா என்று, அவர் திரும்பியதும் கையை வெளியே எடுத்துவிட்டேன்.

ஆபரேஷன் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மானிட்டர் கூவியது. ஆக்சிஜன் தொண்ணூறு, எண்பத்தைந்து, எழுபத்தெட்டு என்று இறங்கியது. கொரோனா காலத்தில் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எல்லாரும் படித்ததுதானே! செத்தேன் என்றே நினைத்தேன்.

"ஏட்டி, என்னக் கொல்லப் பாக்கியா? பெரிய டாக்டரக் கூப்பிடு!" என்று கத்திக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தேன். கை பட்டு, கருவிகள் வைத்திருந்த தட்டு சரிந்தது.

அந்தப் பெண் பதறவில்லை. "ஆக்சிஜன் ஒண்ணும் குறையல அங்கிள். ஒங்க விரலுக்குத்தான் ரத்தம் சரியா வரல" என்று சொல்லி, காதில் மாட்டும் வேறொரு கிளிப்பை மாட்டினார். தொண்ணூற்றெட்டு! ஐஸ் போலக் கிடந்த என் விரல்களைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டார்.

சர்ஜனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "பேஷண்ட் கைய மூடி வைக்கணும்னு கூடவா தெரியாது?" என்று எல்லார் முன்னாலும் அவரை ஏசினார். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாரி சார்" என்றார். 'அவங்க சொன்னாங்க, நான்தான் கேக்கல' என்று நான் சொல்லியிருக்கலாம். கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடித்தேன்.

மறுநாள் வார்டுக்கு வந்தவர், "வலி இருக்கா அங்கிள்?" என்று கேட்டார். மனைவி பக்கத்தில் நின்றாள். "இல்ல மோளே" என்றேன். போர்வையை இழுத்துக் கையை உள்ளே வைத்துக்கொண்டேன்.

என் உயிர் போகிறது என்றதும் ஆஸ்பத்திரியே அதிரக் கத்திய வாய், ஒரு பெண்ணின் நல்ல பெயர் போனபோது திறக்கவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.