சந்தனம் மட்டும் வைத்த பெட்டி

என் மேஜைக்கு எதிரே ஒரு பாட்டரிப் பெட்டி இருக்கிறது. இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். சாம்பல் நிற மூடியின் நடுவில் வட்டமாகச் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. சந்தனத்தின் மேல் குங்குமம் இல்லை. எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதை ஒரு தரமாவது பார்த்துவிட்டு, "குங்குமம் வெக்க மறந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க?" என்று கேட்டுவிடுகிறார்கள். மறக்கவில்லை. வைக்க வேண்டியவர் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் என் அத்தை, அப்பாவின் தங்கை.

அத்தையை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பல வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜை முன்னால் நின்றே வேலை பார்த்தவர். கால் வீங்கிப்போன ஒரு நாள், "இனி உக்காந்துக்கிட்டுத்தான் சம்பாதிப்பேன்" என்று அறிவித்துவிட்டு, மின்சார லோடு ஆட்டோ ஒன்றை வாங்கி அவரே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். செல்போனுக்குப் போடுகிற மாதிரி சார்ஜ் போட்டு ஓட்டுவதெல்லாம் ஒரு வண்டியா என்று டீசல் ஆட்டோக்காரர்கள் கேலி செய்தார்கள். அத்தை அசரவில்லை. "உங்க வண்டிப் பொகையில வெள்ளத் துணி கறுத்துப்போகுமுங்க. என்ற வண்டியில கொழந்தத் துணி கொழந்தையாட்டவே போய்ச் சேரும்" என்பார். வாய்ச் சொல்லோடு நிற்காமல், குழந்தை உடுப்பு தைக்கிற ஒரு கம்பெனியைப் பிடித்து, அவர்களுடைய துணி ரோல்களை ஏற்றி இறக்குகிற வேலையைத் தனக்கே வாங்கிக்கொண்டார். அந்த ஒரு கம்பெனியை நம்பித்தான் வண்டி ஓடியது.

முதல் ஆயுத பூஜை வந்தது. திருப்பூரில் அன்றைக்குத் தையல் மெசின் முதல் கத்தரிக்கோல் வரை எல்லாம் துடைக்கப்பட்டுப் பொட்டு வைத்துக்கொள்ளும். வண்டிகளுக்குக் கட்டாயக் குளியல் உண்டு. அத்தைக்கு ஒரு சந்தேகம். மற்ற வண்டிகளுக்கு எஞ்சின் இருக்கிறது, இதற்கு எங்கே பொட்டு வைப்பது? அவரே முடிவுக்கு வந்தார். அடிப்பலகையைத் திறந்து, பாட்டரியைக் குழாய்த் தண்ணீரில் ஆசைதீரக் குளிப்பாட்டி, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, மூடியிலும் பக்கங்களிலும் ஒயர் சேருகிற இடத்திலும் சந்தனத்தைக் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தார். "இதுதான கண்ணு வண்டிக்கு உசுரு? உசுர உட்டுப்போட்டுத் தகரத்துக்கா பொட்டு வெப்பாங்க?" என்று என்னிடம் பெருமையாகக் கேட்டார். வாதத்தில் குறையே சொல்ல முடியாது.

பூஜை முடிந்து வேலை தொடங்கிய காலையில் வண்டி அசையவில்லை. சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. வெள்ளைத் துணி ரோல்கள் எடுக்க ஆளில்லாமல் கிடந்தன. கம்பெனி முதலாளி போன் செய்தார். "ஏனுங்க, நாளைக்குக் கட்டிங்குங்க. இன்னைக்கு வண்டி வரலீன்னா டீசல் வண்டியவே நெரந்தரமா வெச்சுக்கறனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க." கொங்குநாட்டு மரியாதையில் இதைவிடக் கடுமையாக ஒருவர் பேச முடியாது. அத்தையின் முகம் சுண்டிப்போனது. அந்த வேலை போனால் மறுபடி செக்கிங் மேஜைதான். அந்தக் கால்களுடன் மறுபடி நின்றே ஆக வேண்டும்.

நான் அப்போது எலக்ட்ரிகல் படித்துவிட்டு ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பட்டன்களின் நிறம் சாம்பிளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் வீட்டில் கரண்டு என்று எது வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வண்டிக் கம்பெனியின் சர்வீஸ்காரர் லேப்டாப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"ஈரம் பட்டதும் பாட்டரி தன்னத்தானே பூட்டிக்கிட்டும்மா. காஞ்சாலும் தானாத் தொறக்காது. தொறக்குற கோடு நம்பரு பாட்டரி செஞ்சவுககிட்டதான் இருக்கு. சீனாவுல."

"திருப்பூர்ல நிக்கற வண்டிக்குச் சாவி சீனாவுலீங்களா?" என்று அத்தை கேட்டார்.

"நாங்க மட்டும் இல்லம்மா. பெரிய பெரிய கார்க் கம்பெனிக்காரவுகளுக்கும் இதே கததான். வண்டி நம்மது, பாட்டரி அவுகளது" என்றார் அவர், என்னவோ தன் வீட்டுச் சங்கடத்தைச் சொல்வது போல.

அவர் யார் யாரையோ பிடித்து, கடைசியில் அந்த ஊர்ப் பொறியாளர் ஒருவரை வீடியோ காலில் கொண்டுவந்துவிட்டார். கண்ணாடி போட்ட சின்னப் பெண். ஈரம் காய்ந்துவிட்டது என்று லேப்டாப்பில் தெரிந்ததும் அவளுக்குத் திருப்தி. எதற்கும் பாட்டரியைக் காட்டுங்கள் என்றாள். சர்வீஸ்காரர் போனை அதன் பக்கம் திருப்பினார். அவ்வளவுதான், அந்தப் பெண் அலறிவிட்டாள். மஞ்சளாகவும் சிவப்பாகவும் ஏதோ கசிந்திருக்கிறது, எல்லோரும் தள்ளிப் போங்கள், இதைத் திறக்கவே முடியாது, கழற்றித் திருப்பி அனுப்புங்கள் என்று படபடவென்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் அதை அத்தைக்குத் தமிழில் சொன்னேன்.

அத்தை வண்டியின் முன்பலகையிலிருந்த குங்குமச் சிமிழை எடுத்தார். அனுப்பர்பாளையத்துப் பித்தளைச் சிமிழ். போனுக்கு நேராக வந்து நின்று தன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டார். அடுத்து என் நெற்றியில். "சித்த நில்லுங்க சாமி" என்று சர்வீஸ்காரரையும் பிடித்து ஒன்று வைத்தார். அதோடு விட்டாரா? போன் திரையில் தெரிந்த அந்தப் பெண்ணின் நெற்றிக்கும் அளவாக ஒரு பொட்டு வைத்துவிட்டார். அவளுக்கு அது தெரிந்திருக்காது. எங்களுக்குத் தெரிந்தது. கண்ணாடியும் குங்குமமுமாகக் காங்கேயத்துக் கல்யாணத்துக்கு வந்த பெண் போல் இருந்தாள். நாங்கள் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, காரணம் புரியாமலேயே அவளும் சிரித்தாள். அது கசிவு இல்லை, இதே பொட்டுதான், எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒரு நாள் கருவிகளைக் கும்பிடுவோம் என்று நான் விளக்கினேன். "பாட்டரியைக்கூடவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பாட்டரியை இன்னொரு தரம் கிட்டத்தில் காட்டச் சொல்லிப் பார்த்தாள். இனிமேல் தண்ணீர் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானம் கோடு நம்பர் வந்தது, பூட்டு திறந்தது.

அன்று அத்தை ஹார்ன் அடித்துக்கொண்டே தெருவைக் கடந்த அழகை நான் மறக்கவே மாட்டேன். சாயங்காலத்துக்குள் ரோல்கள் போய்ச் சேர்ந்தன. முதலாளி ஒன்றும் நடக்காதது போல் ஒரு பை நிறையப் பொரிகடலை கொடுத்தார். திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரம்கட்டி அதைக் கொறித்துக்கொண்டே அத்தை சொன்னார்: "நம்மூரு நிட்டிங் மெசினும் வெளிநாட்டுதுதான் கண்ணு. ஆனா ஊசி ஒடஞ்சா நம்ம மெக்கானிக்கே தொறந்து மாத்திப்போடறான். வாங்கறது தப்பில்ல. சாவிய அவங்ககிட்டயே உட்டுப்போட்டு வாங்கறோம் பாரு, அதுதான் தப்பு. அந்தப் புள்ள சிரிச்சா, சரி. சிரிக்காம இருந்திருந்தா?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பட்டன் நிறம் பார்க்கும் வேலையில் மனம் ஒட்டாமல் போய், பாட்டரிப் பெட்டி செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தேன். பாட்டரியைக் காவல் காக்கிற சின்னக் கணினிப் பலகையை நாங்களே செய்யக் கற்றுக்கொண்டோம். எரிந்தது, புகைந்தது, ஒருமுறை என் புருவம் பாதி போயிற்று. கடைசியில் ஒரு பெட்டி ஒழுங்காக ஓடியது. அத்தைக்குத்தான் முதலில் சொன்னேன். சந்தனக் கட்டையும் சிமிழுமாக வந்து இறங்கினார். கையில் பனியன் வேஸ்ட், காய்ந்தது. தண்ணீர்க் குழாய் இருந்த பக்கமே திரும்பவில்லை. மூடியைத் துடைத்துச் சந்தனம் வைத்தார். சிமிழைத் திறந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சாவி நம்மகிட்டத்தான கண்ணு?"

"ஆமாங்க அத்தை. பூட்டுனாலும் நாமளே தொறந்துக்கலாம்."

"உள்ள கரண்டு புடிச்சு வெக்கற செல்லு?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அது இன்னும் அங்கிருந்துதானுங்க வருது."

அத்தை சிமிழை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார். "அப்ப இப்போதைக்குச் சந்தனம் போதும். குங்குமம் நம்ம செல்லு வந்தப்பொறவு." சொல்லிவிட்டு என் கன்னத்தைக் கிள்ளி, கையோடு கொண்டுவந்த பொரிகடலையை எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தார். பாதிப் பாராட்டுக்கு இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதே போன்ற பெட்டி ஒன்று இப்போது அத்தையின் வண்டியில் ஓடுகிறது. என் மேஜைக்கு எதிரே இருக்கும் முதல் பெட்டிக்கு ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அவரே வந்து சந்தனத்தைப் புதுப்பித்துவிட்டுப் போகிறார். பக்கத்து அறையில் எங்கள் பட்டறைப் பிள்ளைகள் செல் செய்து பார்க்கிறார்கள். ஒன்று அப்பளம் போல் உப்பிக்கொள்கிறது, இன்னொன்று சார்ஜே ஏற மாட்டேன் என்கிறது. போன வாரம் ஒன்று மட்டும் நான்கு நாள் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு ஐந்தாம் நாள் கைவிரித்தது. அதற்கே நாங்கள் டீ வாங்கிக் கொண்டாடினோம். செய்தி எப்படியோ எட்டி, அத்தை போன் செய்தார்.

"ஏங்கண்ணு, குங்குமத்த எடுத்துக்கிட்டு வரட்டுமா?"

"இன்னும் இல்லீங்க அத்தை. கொஞ்ச நாளாகும்."

"ஆகட்டும் கண்ணு, சிமிழு வண்டியிலயேதான் இருக்குது. கெட்டுப்போற சாமானா அது?"