பொறுத்திருங்கள் என்றவன் நான்

நான் பொய் சொன்னேன். சிட்னியில் ஒரு மண்டபத்தில், பட்டப்பகலில், பத்திரிகையாளர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, என் இனத்துக்கு எதிராகப் பொய் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் பொய்யென்று அறிந்தே சொன்னேன்!

அன்று அங்கே இருந்தவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். என்னை வெறுத்திருக்கலாம். வெறுங்கள்... ஆனால் சரியான காரணத்துக்காக வெறுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் தீவு குடியரசாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. புதிய அரசியலமைப்பு ஒரு மொழியையும் ஒரு மதத்தையும் தூக்கி முன்னே வைத்தது. சிறுபான்மையினருக்கென்று பழைய சட்டத்தில் இருந்த காப்பை எடுத்தெறிந்தது. பல்கலைக்கழகம் போக எங்கள் பிள்ளைகள் மட்டும் கூடுதல் புள்ளி எடுக்கவேண்டுமாம்! சிட்னியின் புறநகரான பிளாக்டவுனில் ஆசிரியனாக இருந்த என் நண்பன் குலசிங்கத்தின் தங்கை அதில் அடிபட்டவள். அவளைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவர்கள் மருத்துவபீடத்துக்குள் போனார்கள். அவள் வெளியே நின்றாள். இதற்குப் பெயர் குடியரசா?

அந்த அரசின் குழுவொன்று சிட்னிக்கு வந்து கூட்டம் நடத்தப்போகிறது என்று அறிந்ததும், நானும் குலசிங்கமும் அவன் வீட்டுக் குசினி மேசையில் இருந்து கண்டன மனு எழுதினோம். அதிலிருந்த காரமான வரிகளெல்லாம் என்னுடையவை.

கூட்டத்துக்கு முந்திய நாள், குழுவோடு வந்திருந்த அதிகாரி ஒருவர் என்னைத் தேநீருக்கு அழைத்தார். என் மனைவி பரமேஸ்வரி யாழ்ப்பாணத்தில் எட்டு மாதமாகக் கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தாள். அது அவருக்குத் தெரிந்திருந்தது! கொழும்பில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். பிறகு, சீனியைக் கலக்கிக்கொண்டே, நாளைக்கு ஒரு தமிழரும் எழுந்து நாலு நல்ல வார்த்தை பேசினால் நன்றாயிருக்கும் என்றார். அவ்வளவுதான். மிரட்டக்கூட இல்லை. மிரட்டவேண்டிய அளவுக்கு நான் உறுதியானவனாக அவர் கண்ணுக்குத் தெரியவில்லை போலும்...

மறுநாள் குலசிங்கம் மனுவை வாசித்தான். தங்கையின் புள்ளிகளைச் சொன்னபோது அவன் குரல் உடைந்தது. பத்திரிகையாளர் ஒருவர், மற்றத் தமிழர்களும் இப்படித்தான் நினைக்கிறார்களா என்று கேட்டார்.

நான் எழுந்தேன்.

நண்பர் மிகைப்படுத்துகிறார் என்றேன். "இது இளம் குடியரசு. தெற்கில் இளைஞர் கிளர்ச்சி இப்போதுதான் அடங்கியிருக்கிறது. பாண் ரொட்டிக்கு வரிசை. அந்நியச் செலாவணி இல்லை. குடியரசின் முதல் அரசுக்கு எத்தனை தலைவலிகள்! பொறுத்திருங்கள்."

தலைவலிகள் யாவும் உண்மை. அதனால்தான் என் பொய் எடுபட்டது! நாட்டில் பாண் இல்லையென்றால் ஒரு பெண்ணின் படிப்பைப் பறிப்பதா? தெற்கில் யாரோ துவக்குத் தூக்கினால் வடக்கில் பள்ளிப் பிள்ளைகளைத் தண்டிப்பதா? இதைக் கேட்டிருக்கவேண்டிய வாயால்தான் நான் பொறுமையைப் போதித்தேன். மேடையிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். வெட்கமில்லாமல் உட்கார்ந்தேன்!

வாசலில் குலசிங்கம் என்னை மறித்தான்.

"மச்சான், அதை எழுதினதே நீதானேடா?"

நான் காரில் ஏறினேன்.

நான்காம் நாள் பரமேஸ்வரியின் கடிதம் வந்தது. கடவுச்சீட்டு கிடைத்துவிட்டதாம். தேதியைப் பார்த்தேன். கூட்டத்துக்கு ஒன்பது நாள் முந்தி எழுதப்பட்ட கடிதம்! அந்தக் கடவுச்சீட்டு அவள் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், அதை வாங்கித் தரலாம் என்று என்னிடம் ஆசை காட்டினார்கள். அந்த அதிகாரிக்கு இது தெரியாதா? தெரிந்துதான் சீனி கலக்கினாரா? இன்றைக்கு நினைத்தாலும் என் உடல் கொதிக்கிறது. ஆனால் அவர்மேல் கொதித்து என்ன பயன்? எழுந்து நின்று பேசியது நானல்லவா?

இரண்டு மாதம் கழித்து அவள் வந்தாள். விமான நிலையத்திலிருந்து நார்த்மீட்டில் இருந்த என் வீட்டுக்கு வரும் வழியில்தான் சொன்னாள்.

"உங்கட படம் பேப்பரிலை வந்தது. வெளிநாட்டுத் தமிழர் அரசாங்கத்துக்கு ஆதரவாம் எண்டு கொட்டை எழுத்திலை போட்டிருந்தவங்கள். நான் வெளிக்கிடேக்கை அயலிலை ஒருத்தரும் வழியனுப்ப வரேல்லை."

நான் பாதையையே பார்த்துக்கொண்டு காரை ஓட்டினேன்.

"நீங்கள் உண்மையா நம்பித்தானே அப்பிடிச் சொன்னனீங்கள்?"

உனக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் அழுக்கில் பாதியை அவள் தலையில் ஏற்றியதாகிவிடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நியாயமா அது? கோழைத்தனமல்லவா?

"ஓம்," என்றேன்.

குலசிங்கத்தின் தங்கை மருத்துவராகவே இல்லை. அவன் எங்கள் வீட்டுப் படியேறியதும் இல்லை. இன்றும் நாலு பேர் கூடிய இடத்தில் அந்த அரசைப் பற்றிப் பேச்செடுத்தால் பரமேஸ்வரி முந்திக்கொள்கிறாள். "அவரோடை கதையாதேங்கோ, அவருக்கு அரசியல் விளங்காது," என்று சொல்லி என் கையைத் தொடுகிறாள்.

நான் தலையாட்டுகிறேன்.